நுனிகளின் ரசாயனம்

நேர்ச்சங்கிலியாக நீண்டு கிடக்கும் பாலிமர் ஒன்றில் நுனிகளுக்கு மதிப்பே இல்லை. பல்லாயிரம் கார்பன் அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட பாலிஎத்திலீன் மூலக்கூறுக்கு நுனி என்று இருப்பவை இரண்டே. அவ்விரண்டிலும் எந்த அணுக்கூட்டம் அமர்ந்திருந்தாலும், அப்பொருளின் உருகுநிலையோ, வலிமையோ, கரையும் சுபாவமோ பெரிதாக மாறிவிடுவதில்லை. 1920-ஆம் ஆண்டில் ஹெர்மன் ஸ்டாடிங்கர், ரப்பர் முதலான பொருள்கள் சிறு மூலக்கூறுகளின் வெறுந்திரள் அல்ல, உண்மையான பிணைப்புகளால் நெடுக இணைந்த பெருமூலக்கூறுகளே என்று வாதிடத் தொடங்கியபோது, நுனிகள் சோதனைக்கு அகப்படாத அளவு சொற்பமாக இருந்தமை அவருடைய கட்சிக்கு ஒரு தொல்லையாகவே இருந்தது. ஆனால் அதே பாலிமரைக் கிளைவிடச் செய்து, கிளைதோறும் மறுபடி கிளைவிடச் செய்துகொண்டே போனால், நுனிகளின் தொகை உடலின் தொகையை எட்டிப்பிடித்துவிடுகிறது. அந்நிலையில் மூலக்கூறின் குணத்தை நிர்ணயிப்பது பெரும்பாலும் அதன் நுனிகளில் நிற்கும் அணுக்கூட்டங்களே.

இதற்குரிய கணக்கை முதலில் எழுதிக் காட்டியவர் அமெரிக்கரான பால் ஃபிளோரி. கிளிசரினையும் தாலிக் அமிலத்தையும் சேர்த்துக் காய்ச்சினால் ஒரு கட்டத்திற்குமேல் கலவை முழுதும் ஒரே வலையாகப் பின்னிக்கொண்டு, கரையாத, உருகாத கட்டியாக இறுகிப்போகும் என்பது பிசின் செய்வோர் அனைவரும் அறிந்த சங்கதி. கிளைத்தல் என்றாலே இறுகுதல் என்று எண்ணியிருந்த அக்காலத்தில், 1952-இல் ஃபிளோரி ஒரு விதிவிலக்கைச் சுட்டினார். ஒவ்வோர் அலகிலும் அமிலத்தொகுதி ஒன்றே ஒன்றும், அதனோடு மட்டுமே சேரக்கூடிய ஹைட்ராக்சில் தொகுதிகள் இரண்டும் இருப்பதாகக் கொண்டால், எத்தனை அலகுகள் கூடினாலும் அவ்வாறு பிறந்த மூலக்கூறில் எஞ்சும் அமிலத்தொகுதி ஒன்றுக்கு மேற்படாது. ஆகவே மூலக்கூறுகள் ஒன்றையொன்று பல இடங்களில் பற்றி வலையாவதற்கு இடமே இல்லை. கணக்கு எளியது. பத்து அலகுகள் சேர்ந்தால் பதினொரு ஹைட்ராக்சில் நுனிகள். நூறு சேர்ந்தால் நூற்றொன்று. அலகுகளின் எண்ணைவிட நுனிகளின் எண் எப்போதும் ஒன்று கூடுதல். வாசகர் இந்தச் சிறு கணக்கை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்கு ஒரு பெரிய பிரயோஜனம் இருக்கிறது.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கணக்கு பெரும்பாலும் ஏட்டிலேயே கிடந்தது. 1980-களின் இறுதியில் டூபாண்ட் கம்பெனியைச் சேர்ந்த யங் கிம், ஓவன் வெப்ஸ்டர் ஆகிய இருவரும் அதற்குக் கலன்களில் உயிர்கொடுத்தனர். பென்சீன் வளையங்களை நேர்வரிசையாகக் கோத்தால் கிடைக்கும் பாலிஃபீனிலீன் எந்தக் கரைப்பானிலும் கரைய மறுக்கும் முரட்டுப் பொருள். அதே வளையங்களை, ஒன்றில் போரானிக் அமிலத்தொகுதி ஒன்றும் புரோமின் இரண்டுமாக அமைத்து, ஒரே கலனில் ஒரே வினையாகக் கிளைவிட்டு வளரச் செய்தபோது கிடைத்த பொருள் சாதாரணக் கரிமக் கரைப்பான்களில் தாராளமாகக் கரைந்தது. இதைவிட ஆச்சரியமானது அடுத்து அவர்கள் செய்த காரியம். நுனிகளில் நின்ற புரோமின்களை லித்தியமாக மாற்றி, அவற்றைக் கார்பன் டைஆக்சைடுடன் வினைபுரியச் செய்து கார்பாக்சிலேட்டுகளாக்கியபோது, பென்சீன் வளையங்களால் மட்டுமே ஆன, தண்ணீரைச் சற்றும் விரும்பாத உடல் கொண்ட அந்த மூலக்கூறு தண்ணீரில் கரைந்தது. உடல் மாறவில்லை; மாறியது நுனி ஒன்றே.

இவர்கள் தொழிற்சாலைக்குகந்த வழியில் சென்றுகொண்டிருக்க, பூரணத்தை நாடியவர்கள் வேறொரு பாதையை முன்னதாகவே வெட்டத் தொடங்கியிருந்தனர். 1978-இல் ஜெர்மனியின் பான் நகரில் ஃபிரிட்ஸ் ஃபோக்ட்லேயும் அவருடைய சகாக்களும் ஓர் அமீனின் இரு ஹைட்ரஜன்களின் இடத்தையும் அக்ரிலோநைட்ரைலால் நிரப்பி, விளைந்த நைட்ரைல்களை மறுபடி அமீன்களாக ஒடுக்கி, அந்த அமீன்களின்மேல் அதே வினையைத் திரும்பச் செய்து, படிப்படியாக இரட்டித்து வளரும் மூலக்கூறுகளைச் சமைத்தனர். முறை அழகானதுதான், ஆயினும் ஒடுக்கும் படியில் விளைச்சல் மிகக் குறைவாக இருந்தமையால், இரண்டொரு சுற்றுக்கு மேல் அது ஓடவில்லை. 1993-இல், ஹைட்ரஜனை வினையூக்கியின் துணையுடன் ஏற்றும் முறையை ஹாலந்திலும் ஜெர்மனியிலும் தனித்தனியே இரு குழுவினர் வகுத்த பிறகே அது பெருமளவில் செய்யத்தக்கதாயிற்று. இதற்கிடையில் மிச்சிகன் மாநிலத்து மிட்லண்டில், டௌ கெமிக்கல் கம்பெனியின் டொனால்ட் டொமாலியா ஒடுக்கும் படியே தேவைப்படாத ஒரு வழியைக் கண்டிருந்தார். அதனை அவர் 1984-இல் ஜப்பானின் கியோட்டோவில் கூடிய பாலிமர் மாநாட்டில் அறிவித்து, மறு ஆண்டு கட்டுரையாக வெளியிட்டார். இவ்வகை மூலக்கூறுகளுக்கு டென்ட்ரிமர் என்ற பெயர் அங்கிருந்தே பரவியது.

டொமாலியாவின் கிரமத்தைச் சற்று விரிவாகப் பார்ப்பது நலம். ஏனெனில் இத்துறையின் சிறப்பும் சங்கடமும் இரண்டுமே அதில் அடங்கியிருக்கின்றன. மையமாக எத்திலீன் டைஅமீன் வைக்கப்படுகிறது. அதன் இரு நைட்ரஜன்களிலும் உள்ள நான்கு ஹைட்ரஜன்களின் இடத்தில் நான்கு மெத்தில் அக்ரிலேட்டுகள் வந்து சேர்கின்றன. நுனிகளில் எஸ்டர்கள் நிற்கின்றன. அந்த எஸ்டர் ஒவ்வொன்றையும் எத்திலீன் டைஅமீனோடு வினைபுரியச் செய்தால் நடுவில் ஓர் அமைடு பிணைப்பு உண்டாகி, நுனியில் புதியதோர் அமீன் பிறக்கிறது. நான்கு அமீன்கள் கொண்ட இதுவே பூஜ்யத் தலைமுறை. அடுத்த சுற்றில் நுனிகள் 8, பிறகு 16, 32. நான்காம் தலைமுறையில் 64, ஐந்தாவதில் 128, பத்தாவதில் 4096. எஸ்டரோடு வினையை நிறுத்தினால் அரைத் தலைமுறை. அமீன்வரை சென்றால் முழுத் தலைமுறை. ஆகவே அடிப்படையான இரு வகை நுனிகளை இம்முறை தன் இயல்பிலேயே தருகிறது: எஸ்டரை நீராற்பகுத்தால் எதிர்மின்னேற்றமுடைய கார்பாக்சிலேட்டு, இல்லையேல் உடலின் நடுநிலையான நீரில் நேர்மின்னேற்றம் பெறும் அமீன். சங்கடம் எங்கே என்றால், எத்திலீன் டைஅமீனுக்கும் முனைகள் இரண்டு. ஒன்று ஓர் எஸ்டரைப் பற்றும்போது மற்றொன்று பக்கத்து எஸ்டரைப் பற்றி வளையமாகலாம். அல்லது இன்னொரு மூலக்கூறின் எஸ்டரைப் பற்றி இரண்டையும் பாலமிட்டு இணைத்துவிடலாம். இதைத் தவிர்க்க அமீனை மிகப்பெரும் உபரியாகப் பெய்யவேண்டும். பெய்த உபரியை ஒரு துளி மிச்சமின்றி நீக்கவும் வேண்டும், ஏனெனில் எஞ்சிய துளி அடுத்த சுற்றில் தானே ஒரு மையமாகிச் சிறு மூலக்கூறுகளைப் பெருக்கிவிடும்.

எண்ணிக்கை இவ்வாறு இரட்டித்துச் செல்ல, இடம் அவ்வாறு செல்வதில்லை என்பதே இந்த மூலக்கூறுகளின் தலைவிதி. நான்காம் தலைமுறை டென்ட்ரிமரின் விட்டம் ஏறத்தாழ 4.5 நானோமீட்டர்; அதன் கோளப் பரப்பை 64 நுனிகளுக்கும் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் கிட்டத்தட்ட ஒரு சதுர நானோமீட்டர் கிடைக்கும். பத்தாம் தலைமுறையின் விட்டம் 13.5 நானோமீட்டர் என்ற அளவிலேயே நிற்க, நுனிகளோ 4096 ஆகிவிடுவதால், தலைக்கு 0.14 சதுர நானோமீட்டர் மட்டுமே மிஞ்சுகிறது. அது ஒரு சங்கிலியின் தடிப்பை நெருங்கிவிட்ட அளவு. இந்நெருக்கடியை முன்கூட்டியே கணித்து, ஒரு குறிப்பிட்ட தலைமுறைக்கு அப்பால் குறையற்ற வளர்ச்சி நடவாது என்று 1983-இல் எழுதியவர்கள் பிரெஞ்சு பௌதிக அறிஞர் டி ஜென்னும் அவர் சகாவான எர்வேயும். ஆனால் அவர்கள் நுனிகள் யாவும் புறத்தே நோக்கி வரிசையாக நிற்கின்றன என்று கொண்டார்கள். 1990-இல், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்று அமெரிக்கா சென்ற முருகப்ப முத்துக்குமாரும் அவருடைய சகாவான லெஸ்கனெக்கும் கணிப்பொறியில் இம்மூலக்கூறுகளை வளர்த்துப் பார்த்தபோது வேறொரு சித்திரம் வெளிப்பட்டது: நுனிகள் பல பின்வாங்கி உள்ளே மடிந்து, மூலக்கூறின் உடலெங்கும் விரவிக் கிடந்தன, அடர்த்தி மையத்தில் மிகுந்து, புறத்தே செல்லச் செல்லக் குறைந்தது. மேற்பரப்பு என்று நாம் சுலபமாகப் பேசிவிடுகிறோம்; வளைந்து நெளியும் கிளைகளையுடைய ஒரு மூலக்கூறுக்கு அது கல்லுருண்டையின் மேற்பரப்பைப் போல நிலையானதன்று. நீர்ப்பரப்பின்மேல் விடப்பட்ட டென்ட்ரிமர் தட்டையாகப் படிந்து, தன் நுனிகளில் கட்டப்பட்ட கொழுப்புச் சங்கிலிகளை எல்லாம் காற்றின் பக்கமாகவே தூக்கிக்கொள்வதையும் பின்னர் கண்டிருக்கிறார்கள்.

பூரணம் என்ற சொல்லையும் இங்கே கொஞ்சம் உரசிப் பார்க்கவேண்டும். ஃபோக்ட்லேயின் வழியில் 64 அமீன் நுனிகளை எட்டுவதற்கு, ஒரே மூலக்கூறின்மேல் மொத்தம் 248 வினைகள் ஒன்றுவிடாமல் நடந்தேறவேண்டும். ஒவ்வொரு வினையும் 99.5 சதவீதம் வெற்றி பெறுகிறது என்று கொள்வோம்; எந்த ரசாயன அறிஞரும் பெருமைப்படத்தக்க விகிதம் அது. அப்போதும் குறையே இல்லாத மூலக்கூறுகள் நூற்றுக்கு 29 மட்டுமே தேறும். மீதி 71-இல் ஒன்றோ இரண்டோ கிளைகள் குறைந்திருக்கும். 64 நுனியுள்ளதையும் 63 நுனியுள்ளதையும் பிரித்தெடுக்க வழியும் எளிதில் கிட்டாது. இரண்டும் எடையிலும் சுபாவத்திலும் இரட்டைப் பிள்ளைகள்.

1990-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிரெய்க் ஹாக்கரும் ஜான் ஃபிரெஷேயும் இப்பிரச்சினையை வேறு திசையிலிருந்து அணுகினார்கள். மையத்திலிருந்து வெளியே வளர்ப்பதை விட்டு, நுனியிலிருந்து உள்ளே வந்தார்கள். பென்சைல் புரோமைடு இரண்டை, இரு ஃபீனால் தொகுதிகளையுடைய ஒரு சிறிய ஆல்கஹாலோடு ஈதர் பிணைப்பால் சேர்த்து ஒரு கவை. அக்கவையின் அடியிலுள்ள ஆல்கஹாலைப் புரோமைடாக்கி, அப்படிப்பட்ட இரண்டை மறுபடி அதே ஆல்கஹாலோடு சேர்த்துப் பெரிய கவை. இறுதியில் அத்தகைய பெருங்கவைகள் சிலவற்றை ஒரு மையத்தில் பொருத்திவிட்டால் முழு மூலக்கூறு. இதன் விசேஷம் யாதெனில், மூலக்கூறு எவ்வளவு பெரிதாயினும் ஒவ்வொரு படியிலும் நடக்கவேண்டிய பிணைப்புகள் இரண்டு மட்டுமே. ஒன்று மட்டும் நடந்து நின்றுவிட்ட மூலக்கூறு ஏறக்குறையப் பாதி எடையே உடையதாதலால் அதைப் பிரித்தெறிவது கடினமன்று. விலையில்லாமல் இந்த வசதி கிடைக்கவில்லை. கவைகள் பருக்கப் பருக்க அவற்றின் அடிமுனை கிளைகளுக்குள் புதைந்துபோய் வினைக்கு அகப்படாமல் திணறும். எனினும் இம்முறையின் உண்மையான வெகுமதி தூய்மையைக் காட்டிலும் பெரிது என்பது என் அபிப்பிராயம். அதைச் சொல்வதற்குமுன் நுனிகள் எவ்வகைக் காரியங்களைச் செய்கின்றன என்று பார்க்கவேண்டும்.

அமீன் நுனிகள் நேர்மின்னேற்றமுடையவை. உயிரணுவின் சவ்வு எதிர்மின்னேற்றமுடையது. ஆகவே அமீன் நிறைந்த டென்ட்ரிமர் சவ்வைப் பற்றிக் குலைத்து உயிரணுவைக் கொல்ல வல்லது. அந்நுனிகளை அசிட்டைல் தொகுதிகளால் மூடினாலோ, பாலிஎத்திலீன் கிளைக்கால் சங்கிலிகளைக் கட்டினாலோ நச்சுத்தன்மை வெகுவாகத் தணிகிறது. அதே நேர்மின்னேற்றம், எதிர்மின்னேற்றமுடைய டி.என்.ஏ.வைச் சுருட்டிப் பிடித்து உயிரணுவுக்குள் கொண்டுசெல்லவும் உதவுகிறது. இவ்விடத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1990-களில் கலிபோர்னியாவில் இத்தொழிலுக்கு டென்ட்ரிமர்களைப் பயன்படுத்தியவர்கள், கரைப்பானில் சூடாக்கி வேண்டுமென்றே கிளைகள் சிலவற்றை முறித்த மூலக்கூறுகள், முறியாத பூரண மூலக்கூறுகளைவிடப் பன்மடங்கு திறமையாக டி.என்.ஏ.வைக் கொண்டுசேர்ப்பதைக் கண்டார்கள். பிற்பாடு கடைக்கு வந்ததும் அந்த முறிந்த சரக்குதான். நெருக்கம் தளர்ந்த மூலக்கூறு சுருங்கி விரியும் சுதந்திரம் பெற்றதே இதற்குக் காரணம் என்று கொள்ளப்படுகிறது.

1994-இல் ஹாலந்தின் ஐந்தோவனில் ரசாயன அறிஞர் மெய்யரின் குழுவினர் செய்தது இதற்கு நேர்மாறான காரியம். 64 அமீன் நுனிகளிலும் பருத்த பாதுகாப்புத் தொகுதி தாங்கிய ஃபீனைல் அலனைனைக் கட்டி, புறத்தை நெருக்கமான ஓடாக்கினார்கள். கட்டும்போது உடனிருந்த ரோஸ் பெங்கால் சாயம் உள்ளேயே சிறைப்பட்டு, எவ்வளவு கழுவியும் வெளிவரவில்லை. ஓட்டின் பாதுகாப்புத் தொகுதிகளை மட்டும் நீக்கினால் சாயத்தோடு சிறைப்பட்டிருந்த சிறு மூலக்கூறுகள் வெளியேறின, சாயம் தங்கியது. ஓட்டையே அகற்றிய பின்னரே சாயமும் விடுதலை பெற்றது. மற்றொரு திசையில், ஆஸ்திரேலியாவின் ஸ்டார்ஃபார்மா கம்பெனியார் லைசின் அலகுகளால் கட்டிய நான்காம் தலைமுறை டென்ட்ரிமரின் 32 நுனிகளிலும் சல்ஃபோனேட்டுடைய நாஃப்தலீன் தொகுதிகளை வைத்தார்கள். எதிர்மின்னேற்றம் செறிந்த அந்தப் பந்து, கிருமிகள் உயிரணுவில் ஒட்டுவதைத் தடுக்கிறது. பெண்களுக்கு வரும் ஒரு பாக்டீரியத் தொற்றுக்கான களிம்பாக அது விற்பனைக்கும் வந்திருக்கிறது.

இவை எல்லாம் ஒரே வகை நுனியைப் பரப்பு முழுவதும் விதைத்த கதைகள். பலவகை நுனிகளை ஒரே மூலக்கூறில் வைக்க விழையும்போதுதான் கட்டமைப்பின் உண்மையான சிரமம் தொடங்குகிறது. புற்றணுவை நாடிச்செல்ல ஃபோலிக் அமிலம், அதைக் கொல்ல ஒரு மருந்து, இருப்பிடத்தை அறிய ஒளிரும் ஒரு சாயம், எஞ்சிய அமீன்களை மூட அசிட்டைல் என்று நான்கையும் ஒரு டென்ட்ரிமரில் கட்டவேண்டுமென்று வைத்துக்கொள்வோம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இவ்வகை முயற்சிகள் பல ஆண்டுகள் நடைபெற்றன. வழக்கமான முறை, ஒரு மூலக்கூறுக்கு ஐந்து என்ற விகிதத்தில் ஃபோலிக் அமிலத்தைக் கலனில் பெய்து வினைபுரிய விடுவது. பந்தியில் நூறு இலைக்கு ஐந்நூறு வடை வீதம் கண்ணை மூடிக்கொண்டு வீசினால் சராசரி ஐந்து என்பது சரிதான். யார் இலையில் எத்தனை விழுந்தது என்பது வேறு விஷயம். 64 நுனிகளுள்ள மூலக்கூறில் சராசரி ஐந்து என்றால், சரியாக ஐந்து உடையவை நூற்றுக்கு 18 தான்; ஒன்றும் இல்லாதவையும் உண்டு, பத்து உடையவையும் உண்டு. இருவகைத் தொகுதிகளைத் தலைக்கு நான்கு வீதம் இவ்வாறே கட்டினால், இரண்டிலும் சரியாக நான்கு நான்கு அமைந்தவை நூற்றுக்கு நான்கைத் தாண்டா. அடிமூலக்கூறைப் பூரணமாக்க எடுத்த அத்தனை பிரயாசையும், இறுதிப் படியில் இப்படித் தற்செயலின் கையில் ஒப்படைக்கப்பட்டு வீணாகிறது. இதைப்பற்றி இத்துறையினர் பல காலம் அதிகம் பேசாதிருந்தார்கள் என்றே சொல்லவேண்டும்.

கார்னெலின் வழியில் கிடைக்கும் வெகுமதி இவ்விடத்தில்தான் விளங்குகிறது. கவைகளைத் தனித்தனியே செய்து கடைசியில் பொருத்துவதால், ஒரு கவையில் ஒருவகை நுனியும் மற்றொன்றில் வேறுவகை நுனியும் வைத்து, இரண்டையும் ஒரே மையத்தில் இணைக்கலாம். எண்ணும் இடமும் தற்செயலுக்கு விடப்படுவதில்லை. ஒரு பக்கம் எலெக்ட்ரான்களை ஈர்க்கும் நுனிகளும் எதிர்ப்பக்கம் அவற்றை அளிக்கும் நுனிகளுமாக அமைத்து, மின்முனைவு மிகுந்த பெருமூலக்கூறுகளை அக்குழுவினர் 1993-இல் வெளியிட்டனர். அசைடும் அல்கைனும் தாமிரத்தின் முன்னிலையில் மற்ற எந்தத் தொகுதியையும் தொடாமல் தம்முள் மட்டும் இணையும் கிளிக் வினை கைவந்த பிறகு இம்முறை இன்னும் தெளிவடைந்தது. 2005-இல் ஹாக்கர், ஷார்ப்லெஸ் முதலியோரின் குழுக்கள் சேர்ந்து செய்த ஒரு மூலக்கூறில், ஒரு பக்கம் 16 மேன்னோஸ் சர்க்கரைகளும் மறுபக்கம் இரண்டு கூமாரின் சாயங்களும் இருந்தன. பதினாறு என்றால் பதினாறு. இரண்டு என்றால் இரண்டு. சர்க்கரைகள் பல கூடி நின்று ஒரு புரதத்தைப் பற்ற, சாயங்கள் அது நடக்கும் இடத்தை ஒளியால் அறிவித்தன.

அந்த மூலக்கூறின் கிளைகளை ஆக்கிய அலகு இரு ஹைட்ராக்சிமெத்தில் கைகளையுடைய புரொப்பியோனிக் அமிலம். அதாவது ஃபிளோரி கணக்கிட்ட வகைக்கு அச்சொட்டான உதாரணம், அமிலம் ஒன்று, ஹைட்ராக்சில் இரண்டு. பூரணக் கவைகளுக்காக அதன் ஹைட்ராக்சில்களை அசிட்டோனால் மறைத்து, அமிலத்தை அன்ஹைட்ரைடாக்கி, ஒரு தலைமுறை கட்டியதும் மறைப்பை நீக்கி, மறுபடி மறைத்ததைக் கட்டி என்று பல படிகளில் வளர்க்கிறார்கள். சுவீடனின் பெர்ஸ்டார்ப் கம்பெனியாரோ, அதே அமிலத்தை ஒரு பலஹைட்ராக்சில் மையத்தோடும் சிறிதளவு அமில வினையூக்கியோடும் கலனிலிட்டு 140 டிகிரி அளவில் சூடாக்கி, பிறக்கும் நீரை நீக்கிக்கொண்டே வந்து, டன் கணக்கில் விற்கிறார்கள். ஸ்டாக்ஹோமில் ஆண்டர்ஸ் ஹுல்ட்டின் குழுவினர் 1995-இல் விவரித்த முறை இதுவே. அவ்வாறு கிடைப்பதில் அலகுகள் சில இரு கையாலும் கிளைத்திருக்கும், சில ஒரு கையால் மட்டும் நீண்டிருக்கும். மூலக்கூறுகளின் எடையும் பலவிதம். இந்த ஒழுங்கின்மையைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் முன்னே சொன்ன கணக்கை நினைவுகூர வேண்டும். 63 அலகுகளால் ஆன பூரணக் கவைக்கு நுனிகள் 64. அதே 63 அலகுகள் எப்படித் தாறுமாறாகக் கூடினாலும் நுனிகள் 64 தான். கிளையே இன்றி நேராக நீண்டாலும் 64 தான். பல படிகளின் உழைப்பு ஒரு நுனியைக்கூட அதிகமாக ஈட்டித்தருவதில்லை. அது ஈட்டுவது, எந்த நுனி எங்கே நிற்கிறது என்ற நிச்சயமும், ஒரு மூலக்கூறு மற்றொன்றைப் போலவே இருக்கும் என்ற நிச்சயமும் ஆகும்.

ஆகவே எந்தப் பாதையைத் தேர்வது என்பதை நுனியின் தொகையைக் கொண்டு அல்ல, நுனியின் வகையைக் கொண்டே தீர்மானிக்கவேண்டும் என்பது என் துணிபு. வண்ணப்பூச்சுக்காரருக்கு வேண்டியது, சங்கிலிகள் சிக்கிக்கொள்ளாமையால் எளிதில் ஓடும் இளக்கமும், விரைவில் காய்வதற்கு ஏராளமான ஒரே வகை நுனிகளும்; அவர் சுவீடனின் கலனிலிருந்து எடுத்ததன் ஹைட்ராக்சில்களில் கொழுப்பமிலத்தையோ அக்ரிலேட்டையோ கட்டிக்கொண்டால் போதும். ஃபிரைபர்க்கில் கிளைசிடாலைத் துளித்துளியாக விட்டு வளர்க்கப்பட்ட பாலிகிளிசரால்களும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உருக்கிய நிலையிலேயே ஈதர் பிணைப்புகளை மாற்றிக் கிளைக்கச் செய்த பாலிமர்களும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. ஆனால் மருந்தும் சர்க்கரையும் சாயமும் ஒரே மூலக்கூறில் எண்ணி வைக்கப்பட வேண்டுமானால், கவை கவையாகச் செய்து, ஒவ்வொரு படியிலும் எடைநிறமாலையில் ஒற்றை முகடு தென்படும்வரை சுத்திகரித்து, மிகக் குறைந்த அளவில் மட்டுமே பெற முடிகிறது.